ஹீலியஸுக்குள் தெரியும் புள்ளிகள்

பண்டாரவளை
ஆவணி

அன்பின் ரவி,

கடிதமும் டோர்ச் அடித்து எடுத்த மூன்று படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே வெயில்தான், ஒக்டோபர் வந்தால்தான் எங்களுக்கு மழை. தலவாக்கலையில் மே மாதம் பிடித்த மழை இன்னும் விடவில்லை என்கிறாய். உன் ஹீலியஸ் 44-2 கமெரா லென்ஸின் சீக்குக்குப் பாதிக் காரணம் அந்த மழைதான்.

பூஞ்சணம் என்று நீயே முடிவு கட்டி, கொழும்புக்குக் கொடுத்தனுப்ப ஆளும் பார்த்துவிட்டாய். கொஞ்சம் பொறு மச்சான். படத்தில் விழும் புள்ளி வேறு, கண்ணாடிக்குள் தெரியும் புள்ளி வேறு. லென்ஸின் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்தபோது விழுந்த அந்தக் கறுப்புப் பொட்டு பெரும்பாலும் கமெராவின் சென்சரில் படிந்த தூசு. வேறு லென்ஸ் மாட்டி எடு. அதே இடத்தில் விழுந்தால் ஹீலியஸைத் திட்டாதே. லென்ஸுக்குள் இருக்கும் கறை அவ்வளவு கூராக விழாது. ஜன்னலையோ விளக்கையோ எதிரே வைத்து எடுத்தால் படம் வெளிறும், கறுப்பு சாம்பலாகும். அவ்வளவுதான் அதன் வேலை.

இனி, புள்ளி எந்த ஆழத்தில் என்று பார். பின்னால் கறுப்புத் துணி பிடித்து, டோர்ச்சை முன்பக்கத்திலிருந்து சாய்வாக அடி. எஃப் 2இல் முழுதாகத் திறந்து புள்ளியைக் கண்டுகொண்டு, மெதுவாக எஃப் 16 வரை மூடு. துவாரத்தை மூடும் தகடுகள் மறைத்துவிட்டால் புள்ளி அவற்றுக்குப் பின்னால். தகட்டின் மேலேயே தொடர்ந்து தெரிந்தால் முன்னால். பிறகு லென்ஸைத் திருப்பிப் பின்பக்கமிருந்தும் அதையே செய். இந்த லென்ஸில் ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். தனிக் கண்ணாடி ஒன்று, ஒட்டிய சோடி ஒன்று, நடுவில் அப்பர்ச்சர் என்கிற அந்தத் துவாரம், மறுபடி ஒட்டிய சோடி, தனிக் கண்ணாடி. காற்றுப் படும் முகங்கள் எட்டையும் துடைக்கலாம். ஒட்டிய முகங்கள் இரண்டிலும் கை வைக்கவே முடியாது. அதனால்தான் ஆழம் தெரியாமல் திறக்காதே என்கிறேன்.

உன் முதல் படத்தில் ஓரத்திலிருந்து கிளை விட்டுப் போகும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. அது பூஞ்சணம், சந்தேகமில்லை. இரண்டாவது படத்தில் நடுவே பால்படலம், இழை ஒன்றுமில்லை. ஃபோக்கஸ் திருகில் போட்ட பழைய கிறீஸ் ஆவியாகி அப்பர்ச்சரைப் பார்த்த முகங்களில் படிந்தது அது. தகடுகளிலும் எண்ணெய் மினுங்கும். இந்த லென்ஸில் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. தகடுகளைக் கையால்தான் மூடுகிறோம், சுருள்வில் இழுத்து மூடும் லென்ஸ்களில்தான் எண்ணெய் பட்டால் ஒட்டிக்கொண்டு தாமதிக்கும். மூன்றாவது படத்தில் ஊசிமுனை அளவில் வட்டமாகப் பளிச்சிடுவது கண்ணாடிக்குள்ளேயே உறைந்த காற்றுக் குமிழி, பழைய கண்ணாடியில் சாதாரணம். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் பிறையாகவோ வளையமாகவோ ஏதும் தெரிந்தால் மட்டும் சொல். அது சோடியின் பசை விடுவது, திறந்தும் பயனில்லை.

ஆகத் துடைக்க வேண்டியவை இழையும் படலமும். கழற்றிய கண்ணாடியில் முதலில் ஊதியால் தூசை ஊது; தூசோடு துடைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சுதான் கீறும். படலத்துக்கு 99 சதவீத ஐசோபுரோபைல் அல்ககோல், லென்ஸ் தாளில் இரண்டு மூன்று துளி, நடுவிலிருந்து வெளியே சுழற்றி ஒரே துடைப்பு, தாளை எறிந்துவிடு. அசற்றோன் வேண்டாம், ஓரத்துக் கறுப்பு மையைக் கரைத்துவிடும். பூஞ்சணத்துக்கு பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைத் தொட்டுத் துடை. இழை போன பின்னும் அதன் தடம் நிற்கலாம். பூஞ்சணம் விடும் அமிலம் பூச்சை அரித்த இடம் அது, எதற்கும் போகாது. தேய்த்துத் தேய்த்து மிச்சப் பூச்சையும் கெடுத்துக்கொள்ளாதே.

வெயிலில் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். கிருமியைக் கொல்லும் குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. உள்ளே இருக்கும் பூஞ்சணத்துக்கு அதனால் ஆவது குறைவு. தவறிப்போய்ச் சூரியனை நேரே பிடித்தால் பின்னால் இருப்பது கருகும்.

துடைப்பதைவிடப் பெரிய விஷயம் வைக்கும் இடம். ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மத்தியானம் 22 பாகை செல்சியஸில், 70 சதவீத ஈரத்தோடு ஒரு பெட்டியை மூடுகிறாய் என்று வை. அந்தக் காற்று 16 பாகைக்கு இறங்கினாலே பனிக்கும். உங்கள் பக்கத்து இரவில் அது பெரிய விசயமா? பெட்டி இறுக்கமாக இருந்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான். மாறாக, 15 பாகையில் 90 சதவீதம் ஈரமான காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் ஏறத்தாழ 65க்கு இறங்கும். அலுமாரியின் அடித்தட்டில் 15 வாற்றுப் பழைய மின்குமிழ் போடுவோர் நம்புவது இதைத்தான். கணக்குச் சரி, ஆனால் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு.

எனக்குப் பிடித்தது றப்பர் விளிம்புள்ள 10 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, 200 கிராம் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஈரப்பதனை 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிறுத்து. ஜெல் பச்சைக்கு மாறினால் 110 பாகையில் இரண்டு மணி நேரம் ஓவனில் போடு, நிறம் திரும்பும். ஈரமானியை நம்பும் முன் சோதி: போத்தல் மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, ஈரமானியோடு பையில் கட்டி ஓர் இரவு வை. 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்துக்கொள். அரிசியில் புதைப்பது, நப்தலீன் உருண்டை போடுவது இரண்டும் வேண்டாம். ஒன்று மாவைத் தரும், மற்றது கண்ணாடியில் படியும். அந்தத் தோல் உறையை அப்பாவின் நினைவாக வைத்துக்கொள், லென்ஸை அதற்குள் வைக்காதே. பூஞ்சணத்துக்குச் சோறே அந்தத் தோல்தான்.

ஜெல் அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் பார்த்து இழையும் படலமும் எந்தப் பக்கம் என்று அறியத் தா. அதுவரை திருகாணியைத் தொடாதே.

அன்புடன்,
சிவா