சொன்ன மொழியிலேயே எழுதப் பழக்குங்கள்

பொலிஸ் பயிலுநர்களுக்கு எதை, எந்த மொழியில் படிப்பிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் மகன் இப்போது உங்களிடம் பயிற்சியில் இருக்கும் கான்ஸ்டபிள்களில் ஒருவன். நான் கொழும்பில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள், கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். மகன் எந்தப் பயிற்சிப் பாடசாலையில், எந்தக் குழுவில் இருக்கிறான் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த மடலால் அவனுக்கோ அவனைப் பழக்குபவர்களுக்கோ ஒரு தொந்தரவும் வரக்கூடாது.

பயிற்சி கடினமாக இருக்கிறது என்று முறையிட நான் வரவில்லை. விடியமுன் எழும்புகிறான். முதல் மாதம் சப்பாத்து கடித்து இரண்டு குதிக்காலும் தோலுரிந்து கிடந்தன. வீட்டில் கழற்றிய சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டுப் போகிற பிள்ளை, இப்போது கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் விழ விடுவதில்லை. அதையெல்லாம் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

என் கவலை சட்ட வகுப்பைப் பற்றியது. அது சிங்களத்தில்தான் நடக்கிறது.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்குத் தெருச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சட்டச் சிங்களம் அப்படியல்ல, அவனே அதில் தடுமாறுகிறான். அப்படியென்றால் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மைதானத்தில் ‘வமட்ட’, ‘தகுணட்ட’ என்று கட்டளை வந்தால் பக்கத்தில் நிற்பவனின் தோள் திரும்புவதைப் பார்த்துத் திரும்பிவிடலாம். வகுப்பில் பார்த்துத் திரும்ப எவர் தோளும் இல்லை. சிங்களத்தில் ‘சோதனாவ’ என்றால் குற்றச்சாட்டு. ஒரு பிள்ளை அதைத் தமிழ்ச் ‘சோதனை’ என்றே விளங்கிக்கொண்டு, வீட்டைச் சோதனையிடுவது பற்றிய பாடம் என நினைத்து ஒரு வாரம் முழுக்கப் படித்திருக்கிறான். இரவில் விளக்கணைக்கும் நேரம் வரைக்கும் என் மகன் நாலைந்து பேரைச் சுற்றி உட்காரவைத்து அன்றைய பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறான். தான் பிழையாக விளங்கியதைப் பிழையாகவே சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று தொலைபேசியில் பயந்தான். அந்தப் பயம் நியாயமானது. நாளைக்கு ஒருவரைக் கைதுசெய்யலாமா கூடாதா என்பதை இந்தப் பிள்ளைகள்தான் தெருவில் நின்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

போன மாதம் அவன் மனனம் செய்தது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. ஒருவர் வாயால் சொல்லும் முறைப்பாட்டை அவர் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. எழுதுபவருக்கு அந்த மொழி முடியாவிட்டால் முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவராலும் எழுத முடியாது என்றால்தான் வேறு தேசிய மொழிக்குப் போகலாம். அப்போதும் காரணத்தைக் குறித்துவைத்து, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். இந்தப் பிரிவை என் மகன் சிங்களத்தில் மட்டும் பாடமாக்கினான். ஒரு முறைப்பாட்டைத் தமிழில் எழுதிப் பார்க்கும் பயிற்சி இதுவரை அவனுக்குக் கிடைக்கவில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு நோகிறது என்று சொல்கிறேன். ஒன்பது வருடங்களுக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். கணவர் இறந்த பிறகும் நான் கழற்றாமல் போட்டிருந்த கொடி அது. நகரத்தில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், கதிரை தந்தார், தண்ணீர் தந்தார். நான் தமிழும் உடைந்த சிங்களமுமாகச் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதினார். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. அவரும் வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஒருவன் பிடிபட்டு வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். ‘பஸ்ஸில் ஏறும்போது’ என்று அதில் இருந்தது. கூண்டில் நின்று நான் ‘இறங்கும்போது’ என்றேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்த நான், அன்று எல்லோர் முன்னும் பொய்காரியாக நின்றேன். சாதாரணதரம் படித்துக்கொண்டிருந்த மகன் பின்வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொலிஸில் சேரப்போகிறேன் என்று அன்றிரவுதான் முதன்முதலில் சொன்னான்.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழி தெரிந்தவர்கள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும் என்று, போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைத்தது 2011இல். இவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அந்த இருமொழி தெரிந்தவர் எங்கிருந்து வருவார்? உங்கள் பயிற்சி வகுப்பிலிருந்துதானே வர வேண்டும்.

மனமும் அங்கே இருக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்தேன். பெற்றோர் பார்க்கப் போகும் நாளில் மகன் மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒருவனைக் கூட்டிவந்தான். பக்கத்துக் கட்டில். “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் மகனைப் பார்த்தான். அவனிடம் ஒரு கொப்பி இருந்தது. ‘பயப்படாதீங்க’, ‘எத்தனை மணிக்கு?’, ‘ஆளைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?’ என்று என் மகன் சொல்லச் சொல்லச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்திருக்கிறான். இதை யாரும் அவனுக்குப் பாடமாக வைக்கவில்லை. இரவு நித்திரையைக் குறைத்துக்கொண்டு தானாகப் படிக்கிறான். கட்டிக்கொண்டு போன இடியப்பத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. சட்டங்கள் தமிழிலும் அச்சாகின்றன. அவற்றைக் கொண்டு தமிழ்ப் பயிலுநர்களுக்குக் குறிப்புகள் கொடுங்கள், தமிழில் பரீட்சை எழுத விடுங்கள். சிங்களமும் அவர்கள் படிக்கட்டும், கட்டாயம் படிக்கட்டும். சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழை இலக்கணத்தில் தொடங்காமல் முறைப்பாட்டு மேசையில் தொடங்குங்கள். வகுப்பிலேயே ஒரு மேசை போட்டு, ஒரு பயிலுநர் தமிழில் முறைப்பாடு சொல்ல, இன்னொருவர் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டட்டும். வாரத்துக்கு இரண்டு மணிநேரம் ஒதுக்கினாலும் போதும். பயிற்சி முடிந்ததும் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரையும் வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பிவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழில் முறைப்பாடு சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர் இல்லை என்று சொல்வீர்களானால், நான் வருகிறேன். என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற இருவரும் வரத் தயாராக இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், ரயிலேறி நாங்களே வந்துவிடுவோம். முதல் நாள் கரும்பலகையில் நான் எழுதப்போவது இரண்டே சொற்கள்: ஏறினேன், இறங்கினேன்.

இப்படிக்கு,
பயிலுநர் ஒருவனின் தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13