குளிரக் காத்திருக்கும் நேரத்தில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குப் பாதிக் காரணம் என் சோம்பல். மீதிப் பழி எங்கள் ஆய்வகத்துக் குளிர்விப்பான் மீது. குவாண்டம் கணினிக்கான சில்லை உள்ளே வைத்து மூடினால் 10 மில்லிகெல்வின் அளவுக்கு, அதாவது தனிச்சுழிக்கு மிக அருகே, இறங்க ஓரிரு நாள் பிடிக்கும். போன வாரம் முழுதாகக் குளிர்ந்த பிறகுதான் ஓர் இணைப்பு விட்டுப்போனது தெரிந்தது. சூடாக்கி, திறந்து, ஒட்டி, மறுபடி மூடியிருக்கிறேன். அது இறங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

"இத்தனை வருடமாக என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். உள்ளதைச் சொன்னால், இரைச்சலை, அதாவது சமிக்ஞையைக் குலைக்கும் வேண்டாத அதிர்வுகளை, துரத்துகிறேன். எங்கள் சில்லின் உயிர்நாடி ஜோசப்சன் சந்தி: இரண்டு அலுமினியப் படலங்கள், நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு. அலுமினியம் 1.2 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும், அதாவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் எங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞையின் ஆற்றல் கால் கெல்வின் வெப்பத்துக்குத்தான் ஈடு. சூடு அதைவிடக் கூடினால் சமிக்ஞை அதில் மூழ்கிவிடும். அதனால் இன்னும் வெகு கீழே போகவேண்டும். போன பிறகும், அளப்பதற்காக இறக்கும் கம்பி வழியாகவே வெளிச்சூடு உள்ளே நுழைந்துவிடும். திருடனுக்கு நாமே ஏணி வைத்தது போல.

2025 இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் கிடைத்தபோது நான் துள்ளியதற்குக் காரணம் இதுதான். 1980களின் நடுவில் பெர்க்லியில், கையில் எடுக்கக்கூடிய ஒரு மின்சுற்றே, அணுக்களின் உலகத்துக்குரிய குவாண்டம் விதிப்படி நடக்கிறது என்று காட்டினார்கள். மார்ட்டினிஸ் அப்போது மாணவர். எனக்குப் பிடித்தது கம்பி வழியே வரும் இரைச்சலைத் தடுக்க அவர்கள் வைத்த வடிகட்டி: செப்புத்தூள் அடைத்த குழாய்க்குள் சுருட்டிய கம்பி. அவ்வளவுதான். இன்றும் அதன் வாரிசுகள் எங்கள் குளிர்விப்பானில் இருக்கின்றன. அதற்கும் முன்பு, கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது, கிளார்க் நியோபியம் என்ற உலோகக் கம்பியில் ஈயப் பற்றாசைத் திரட்டி ஒட்டியே நுட்பமான மின்னளவி ஒன்றைச் செய்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அதன் பெயரே 'ஸ்லக்', ஓடில்லாத நத்தை!

1999இல் ஜப்பானில் நாகமுராவின் குழு இயக்கிக் காட்டிய க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு, தன் குவாண்டம் நிலையைச் சில நானோநொடிகளே தாக்குப்பிடித்தது. இன்று சிறந்தவை மில்லிநொடியைத் தொட்டுவிட்டன. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு, மின்சுற்றின் வடிவத்தை மாற்றியதற்கும் உலோகப் பரப்பின் அழுக்கைத் தேடித்தேடி நீக்கியதற்கும் உரியது. குவாண்டம் கணினி எப்போது வரும் என்று செய்தித்தாள்கள் கேட்கின்றன. நான் ஆக்சைடைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள் இத்துறைக்கு வரலாமா என்றும் கேட்டிருந்தாய். வரட்டும். கணிதம் அவளுக்கு வருமென்று நீயே எழுதியிருக்கிறாய். விடுமுறையில் பற்றாசு வைத்துக் கம்பி ஒட்டக் கற்றுக்கொடு. ஒரு மாதம் உழைத்த சில்லு வேலை செய்யாத நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்குமா என்பதையும் பார்த்துச் சொல். எனக்கு இன்னும் இறங்குவதில்லை.

மானி இப்போது 4 கெல்வின் காட்டுகிறது. இன்னும் கொஞ்சம் இறங்கவேண்டும். அதற்குள் உன் முழங்கால் வலி என்னவாயிற்று என்று எழுது.

உன் பழைய அறைத்தோழன்