அம்பாசடர் கேள்விக்கு என் பதில்

டிராய், மிச்சிகன்
அக்டோபர், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மொட்டை சொல்லித்தான் தெரிந்தது. அதை நீ சொல்லக் கூடாதா? சரி, விடு.

அப்பாவின் அம்பாசடரைப் பழையபடியே எடுத்துக் கட்டுவதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா என்று கேட்டிருந்தாய். ஜனவரியிலேயே பதில் போட்டிருந்தால், ஒரு நட்டைக்கூட மாற்றாதே என்று நாலு பக்கம் எழுதியிருப்பேன். மே மாதத்துக்குப் பிறகு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

என் ஃபோர்டு மஸ்டாங் காரைப் படத்தில் பார்த்திருக்கிறாய். 1966 மாடல், 289 கன அங்குல வி8, மூன்று கியர். அதன் சேஸிஸ் நம்பர் 6F07C என்று தொடங்கும். 6 என்றால் 1966, எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை. எனக்கு விற்ற பெரியவர் அதே தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வரிசையில் வேலை பார்த்தவர், வண்டியைப் புதிதாக வாங்கியவரும் அவரே. சாவியைக் கையில் கொடுக்கும்போது, "வெட்டி ஒட்டிக் கெடுத்துவிடாதே" என்று மட்டும் சொன்னார். மாட்டேன் என்றேன்.

நாலு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இந்த வண்டிகளுக்கு முன்கண்ணாடியின் அடியில்தான் நோய். அங்கே காற்றுக்காக வைத்த துளைகளில் மழைத்தண்ணீர் இறங்கி, உள்தகட்டை அரித்து, கடைசியில் கால்மாட்டில் சொட்டும். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மகளை வெளியே ஹோஸ் பிடிக்கச் சொன்னேன். முதல் சொட்டு நேராக நெற்றியில் விழுந்தது. வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்து, மேல்தகட்டைப் பிரித்து, புதுத்தகடு வைத்து மூட ஒரு குளிர்காலமே ஆயிற்று. அதுவரை எல்லாம் அசல்தான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் மகளோடு வந்துகொண்டிருந்தேன். சிக்னல் சிவப்பு. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய்விட்டது. எதிரே பஸ். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, எப்படியோ நிறுத்தினேன். பஸ்ஸுக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மகள் ஒன்றும் பேசவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

பின் சக்கரம் ஒன்றில், பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகியிருக்கிறது. பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அந்த வண்டியில் அதற்கு ஒரே அறை. எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஸ்டியரிங் தண்டு நசுங்காத ஒற்றைக் கம்பி, முன்னால் மோதினால் நேரே நெஞ்சுக்கு வரும். பெல்ட் இடுப்புக்கு மட்டும். பெட்ரோல் டாங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. மாப்ளே, நான் பிழைப்புக்குச் செய்வதே பிரேக் சோதனை. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தே குழந்தையை அதில் உட்காரவைத்து ஓட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

மறுவாரமே வேலையைத் தொடங்கினேன். முதலில் இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர், முன்னால் 11 அங்குல டிஸ்க் பிரேக். பிறகு அடிபட்டால் மடங்குகிற ஸ்டியரிங் தண்டு, தோள்வரை வரும் பெல்ட், டாங்குக்கும் சீட்டுக்கும் நடுவே கனத்த இரும்புத் தகடு. அதற்குப் பிறகுதான் எஞ்சின் பக்கம் போனேன்.

பட்டறைக்காரர் 2011 மஸ்டாங்கோடு வந்த 5 லிட்டர் கொயோட்டி எஞ்சினைப் போடலாம் என்றார். 412 குதிரைசக்தி, என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் வால்வுகளைத் திறக்கும் நாலு கேம்ஷாஃப்ட்டோடு அதன் தலை அகலம். முன் சஸ்பென்ஷனைத் தாங்கி, பானெட்டுக்குள் இரண்டு பக்கமும் நிற்கும் ஷாக் டவரை வெட்டாமல் உள்ளே போகாது. பெரியவர் வேண்டாம் என்ற வெட்டு அதுதானே. அதனால் 289ஐயே பிரித்துப் புதுப்பித்து, கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தேன். பனிக்காலையிலும் ஒரே சாவித் திருப்பில் பிடித்துக்கொள்கிறது. டிரெமெக் கம்பெனியின் ஐந்து கியர் பெட்டி போட்டு, பின் ஆக்ஸிலின் கியர் விகிதத்தையும் 3.55க்கு மாற்றினேன். கிளம்பும்போது துள்ளல். ஹைவேயில் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் சுமார் 2,200தான் சுற்றுகிறது. பழைய மூன்று கியரில் அந்த வேகத்தில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் எது தெரியுமா? காசே ஆகாதது. முன் சஸ்பென்ஷனின் மேல்கையை ஓர் அங்குலம் கீழிறக்கி, ஷாக் டவரில் புதுத் துளைகள் போட்டு மாட்டுவது. டிரில் மெஷினும் அளவு அட்டையும் போதும். வளைவில் வண்டி சாய்ந்துபோகாமல் சாலையைக் கவ்விக்கொள்கிறது! மஸ்டாங்கைப் பந்தயத்துக்கு மாற்றிக் கட்டிய கேரல் ஷெல்பி 1965இலேயே தன் ஜிடி350இல் இதைச் செய்துவிட்டார். இந்த வண்டி பிறந்த காலத்திலிருந்தே ஆட்கள் அதை மாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

முழுக்க இறங்கவில்லை. பெரியவரிடம் சொல்லவில்லையே. போன ஞாயிறு அவரை வீட்டுக்கு அழைத்தேன். பானெட்டைத் திறந்தேன். இன்ஜெக்‌ஷனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. மே மாதக் கதையைச் சொன்னேன். சாவியைக் கேட்டார். காலி பார்க்கிங் மைதானத்தில் வேகமெடுத்து ஓங்கி மிதித்தார். வண்டி இம்மியும் இழுக்காமல் நேராக நின்றது. மறுபடி மிதித்தார். மூன்றாவது முறையும். பிறகு, "67 மாடலுக்கு நாங்களே இதைத்தான் போட்டோம்" என்றார். கழற்றிய பழைய சாமான்களையெல்லாம் சீட்டு எழுதி டப்பாக்களில் வைத்திருக்கிறேன் என்றதும், அந்த ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை மட்டும் கேட்டு வாங்கிப்போனார்.

உன் அம்பாசடர் மார்க் 2க்கும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். எஞ்சினைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மாஸ்டர் சிலிண்டரையும் நாலு வீல் சிலிண்டரையும் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்து நான் சொல்லும்வரை வண்டியை ரோட்டில் இறக்காதே. அப்பா உட்கார்ந்து பள்ளம் விழுந்த டிரைவர் சீட்டை மட்டும் எந்தப் பட்டறைக்காரன் கையிலும் கொடுத்துவிடாதே.

உன்,
தாடி