இழுப்பு நோயாளிகளுக்கு அக்கித் தடுப்பூசியை இலவசமாகப் போடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும், இழுப்பு முற்றும்போது விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை அதை இன்னும் கூட்டும் என்பதும் தங்கள் துறைக்குத் தெரியும். எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. முப்பது வருடம் அரிசி ஆலையில் நெல் அவித்தவர். உமிப் புகையிலும் தவிட்டுத் தூசியிலும் நெஞ்சு கெட்டது. கடந்த மாசியில், வலது விலாவில் தணலை வைத்தாற்போல எரிகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று பூண்டு சுட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் விலாவைச் சுற்றிக் கொப்புளம். மருத்துவமனையில் தடவிக்கொள்ள லோஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர் வழக்கப்படி, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போனோம். காவியைக் குழைத்து அக்கி எழுதினார், காசு வாங்கவில்லை. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற கிருமி அடக்கும் மாத்திரையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று தஞ்சாவூரில் ஒரு டாக்டர் சொன்னபோது ஆறு நாள் ஆகியிருந்தது. சிறு வயதில் சின்னம்மை போட்டபோது நரம்பில் தங்கிய கிருமிதான் இப்போது எழுந்திருக்கிறது என்றும் அவர்தான் விளக்கினார்.

கொப்புளம் காய்ந்துவிட்டது, ஐந்து மாதமாகியும் வலி போகவில்லை. ரவிக்கை உரசினாலே துடிக்கிறார். நைந்த வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். ஆனால், நெஞ்சில் சளி உள்ளவர் இருமித் துப்பியாக வேண்டும். இருமினால் விலா அதிர்கிறது. ஒரு கையால் தலையணையை விலாவோடு அணைத்து, மறு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு இருமத் தொடங்குவார், பாதியில் நிறுத்திவிடுவார். சளி உள்ளேயே தங்கிவிடுகிறது. நள்ளிரவில் மூச்சு இரைக்கிறது. இரண்டு முறை 108 ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனோம். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இருமல் வராமல் இருக்க ஒரு மருந்து கேளேன்" என்றார்.

இதைத் தடுக்க ஊசி இருக்கிறது. 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. 50 வயது கடந்த நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்குப் போட வேண்டும் என்று உலகளாவிய சிகிச்சை வழிகாட்டுதலே சொல்கிறது. பிரிட்டனில் 2013 முதல் முதியோருக்கு அரசே அக்கித் தடுப்பூசி போடுகிறது. இங்கே இரண்டு தவணைக்கும் எங்களிடம் சொன்ன விலை 20,000 ரூபாய்க்கு மேல். நடவுக் கூலியில் இதை எப்படிச் சேர்ப்பது? 50 வயது கடந்த நுரையீரல் நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகப் போடுங்கள்.

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டார்கள், மகிழ்ந்தோம். அந்த வயலின் நெல்லை அவித்தும் புடைத்தும் மூச்சைத் தொலைத்த பெண்களை எந்தச் சட்டத்தில் சேர்த்திருக்கிறீர்கள்? நெஞ்சு மருத்துவரைப் பார்க்கவே இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியிருக்கிறதே, அது யார் கணக்கில் வருகிறது?

பேச்சு கடுமையாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவருகிறவர்கள் எங்கள் தெருவை வீடு வீடாக அறிவார்கள். இழுப்பு உள்ளவர்களை அவர்களைக் கொண்டே கணக்கெடுங்கள். கொப்புளத்தோடு வருகிறவரை வெறும் லோஷனோடு அனுப்பாதீர்கள். அக்கித் தடுப்பூசியை இலவசமாக்குங்கள்.

அம்மாவோடு நெல் அவித்த நான்கு பெண்கள் இதே தெருவில் இன்ஹேலரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் அக்கி வரவில்லை. புரட்டாசியில் முதல் தவணை போட்டால், தை அறுவடைத் தூசி கிளம்புவதற்குள் இரண்டாவதையும் போட்டுவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
நெல் அவித்த ஒரு தாயின் மகன்