டெய்டாராவின் களிமண்

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ விட்டுப்போன நருட்டோ என்ற ஜப்பான் கார்ட்டூனைப் பாப்பாவோடு உட்கார்ந்து 220 பகுதி, அப்புறம் அதன் தொடர்ச்சி ஷிப்புடென் 500, மொத்தமும் பார்த்தாச்சு.

அதில் வரும் வில்லன் டெய்டாராவைத்தான் எனக்குப் பிடித்தது. மண்ணுக்காரன் அல்லவா. உள்ளங்கையில் இருக்கும் வாயால் களிமண்ணை மென்று, சக்ரா என்கிற உடம்பின் சக்தியைக் கலந்து சிலந்தியும் பறவையுமாகத் துப்புகிறான், எல்லாம் வெடிகுண்டு. அதில் சி2 என்ற வகை டிராகன். சி4 கண்ணுக்கே தெரியாத பொடி. மூச்சோடு உள்ளே போய்த்தான் வெடிக்கும். வெடிப்பதுதான் கலையாம். அவன் கூட்டாளி சசோரிக்கு அழியாததுதான் கலை, ஆளையே பொம்மையாக்கிவிடுகிறான். இரண்டு பேரும் நம் பட்டறைக்கு ஆகமாட்டார்கள்.

நம் சூளையில் வெடித்தால் காற்றுக்குமிழி என்பார்கள். ஈரம்தான். மேலே வெளுத்து உள்ளே பச்சையாக இருந்தால், தண்ணீர் ஆவியாகி 1,600 மடங்கு விரியும், மண்குதிரையின் வயிறு போய்விடும். ஓர் அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம், குடைந்து துளை விடு, நிழலில் காய வை. கன்னத்தில் வைத்துச் சில்லென்றால் இன்னும் காயவில்லை. உனக்குத் தெரியாததா.

டெய்டாராவோடு மோதிய சசுகே, இடாச்சியின் தம்பி, மின்னல் பாய்ச்சி அந்த மண்ணை வெடிக்கவிடாமல் செய்தான். சி4 உள்ளே போனதும் தன் உடம்பிலேயே பாய்ச்சிக்கொண்டான். கெட்டிக்காரன், உன்னை மாதிரி. வீம்பும் அப்படியே. டெய்டாரா மட்டும் என்ன? இடாச்சியின் ஷாரிங்கான் என்கிற மாயக் கண்ணிடம் ஒருமுறை தோற்றதற்காக இடது கண்ணைப் பழக்கிக்கொண்டே இருந்தான். அதே கண் சசுகே முகத்திலும் அலட்சியமாகப் பார்க்க, தன்னையே வெடித்துக்கொண்டான்.

வேலை விட்டு வந்ததும் தூங்கு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

ஷிப்புடென் 138-ல் இடாச்சி, தம்பி சசுகேயின் நெற்றியை விரலால் தொட்டுவிட்டுச் சாய்கிறான். என் பலத்தைச் சோதிக்கவே குலத்தைக் கொன்றேன் என்று அண்ணன் சொன்ன பொய்தான் அதுவரை சசுகேவுக்குத் தெரியும். மேலிடத்து உத்தரவு, ஊருக்குள் சண்டை வராமல் தடுக்க என்பதெல்லாம் அண்ணன் செத்த பிறகு தெரிகிறது. 339-ல், செத்து மீண்டு வந்த இடாச்சியே ஒத்துக்கொள்கிறான், ஆரம்பத்திலேயே உன்னிடம் உண்மையைப் பேசியிருக்க வேண்டும் என்று. பாப்பா அழுதாள். நான் எழுந்து சூளைப் பக்கம் போய்விட்டேன்.

தம்பி, பழைய சூளை இடத்தை விற்கச் சொன்னது உன் அண்ணன் இல்லை. என் கடனுக்கு நான்தான் சொன்னேன். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான். நீ அவனைத் திட்டியபோது பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்து இதன் தொடர்ச்சி போருட்டோ பார்க்கலாமா என்கிறாள் பாப்பா. சித்தப்பாவைக் கேள் என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா