வளர்ந்த மரத்துக்குத் தண்ணீர் எதற்கு?

சான் டியேகோ, கலிபோர்னியா
ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள், அம்மா, அத்தை எல்லோரும் நலம்தானே?

போன வாரம் தண்ணீர்க் கட்டணத்தைச் சொன்னதும், "வளர்ந்த மரத்துக்கு எவனாவது தண்ணீர் ஊற்றுவானா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் பேரன் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அதனால் சாவகாசமாக எழுதுகிறேன். கொஞ்சம் சண்டையும் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உடன்குடியில் உங்கள் கேள்வி நியாயமானது. பனைக்கு யார் தண்ணீர் இறைத்தார்கள்? இந்த ஊரும் கடலோரம்தான், வறண்டதுதான். மழையும் நமக்கு வருவதுபோலக் குளிர்ந்த மாதங்களில்தான் வரும். ஆனால் நம் பக்கம் ஒரு வருடத்தில் பெய்வதில் பாதிகூட இங்கே தேறாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 250 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். அப்புறம் ஆறேழு மாதம் வானம் கைவிரித்துவிடும். மே, ஜூன் மாதங்களில் காலையில் கடலிலிருந்து மேகம் வந்து ஊரையே மூடும். மழை வரப்போகிறது என்று கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள்.

இப்படிப்பட்ட ஊரில் தெருவெல்லாம் நிழல் எப்படி வந்தது? வேறு தேசத்து மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். கேட் செஷன்ஸ் என்று ஓர் அம்மாள் இருந்தார். 1892இல் நகரப் பூங்காவில் நாற்றுப்பண்ணை வைக்க இடம் வாங்கிக்கொண்டு, அதற்கு வாடகையாக ஆண்டுக்கு 100 மரங்களைப் பூங்காவிலும் 300 மரங்களை நகரின் மற்ற இடங்களிலும் வைத்துத் தருவதாக ஒப்பந்தம் போட்டார். பூங்காவுக்கு இன்று பல்போவா பூங்கா என்று பெயர். எங்கள் வாசலில் நிற்கிற ஜகரண்டாவை இந்த ஊரில் பரப்பியவரும் அவர்தான். அது தென் அமெரிக்க மரம். யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தண்டவாளக் கட்டைக்கு ஆகும் என்று ரயில் கம்பெனி ஒன்று அதைத் தோப்புத் தோப்பாக நட்டது. மரம் முறுக்கிக்கொண்டு வெடித்தது, ஒரு கட்டைக்கும் உதவவில்லை. கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டது. தோப்பு நின்றது, அந்த நிலம் வீட்டுமனையாகி நல்ல விலைக்குப் போனது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மரங்கள் தாமாக வளர்ந்தவை அல்ல. வீட்டுக்கு வீடு புல்தரை இருந்தது, அதற்குத் தினமும் தண்ணீர் தெளித்தார்கள், மரம் பக்கத்தில் நின்று குடித்தது. தனியாக யாரும் அதை நினைக்கவில்லை. 2015இல் கடும் வறட்சி. நகரங்களில் தண்ணீர்ச் செலவைக் கால்பங்கு குறைக்கவேண்டும் என்று மாநில ஆளுநர் உத்தரவு போட்டார். புல்லைப் பெயர்த்து எடுத்தால் மானியம் என்றார்கள். எடுத்தார்கள், சரியான காரியம்தான், பச்சைக் கம்பளத்துக்காக ஆற்றைக் குடிப்பது அநியாயம். ஆனால் புல்லோடு மரத்துக்கும் குழாயை மூடிவிட்டதை நிறையப் பேர் யோசிக்கவில்லை. புல் பத்து நாளில் காய்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியும். பெரிய மரம் உள்ளே இருப்பதை வைத்து ஓட்டும். உச்சிக்கிளை மொட்டையாகும்போது பார்த்தால் பாதி வேர் போயிருக்கும். ஆகையால் வளர்ந்த மரத்துக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தண்ணீரில் வளர்ந்த மரம் என்று கேட்கவேண்டும்.

அடுத்து, நீங்கள் சொன்ன பாத்தி. அடிமரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டி நிறைக்கச் சொன்னீர்கள். தென்னம்பிள்ளைக்கு அது சரி. எங்கள் வாசலில் நிற்கும் வயதான ஜகரண்டாவில் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தூரில் இல்லை. கிளை விரிந்த விளிம்புக்குக் கீழேயும் அதற்கு வெளியேயும் பரவியிருக்கின்றன, பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில். தூரில் தண்ணீர் தேங்கினால் பட்டைதான் அழுகும். ஆகவே கசிவுக் குழாயை விளிம்பை ஒட்டி வளையமாகப் போட்டு, இரவு முழுவதும் மெதுவாகக் கசியவிடுகிறேன். கோடையில் மாதம் ஒருமுறை, அனல் அடித்தால் இரண்டு முறை. மறுநாள் ஒரு நீளமான திருப்புளியை மண்ணில் குத்திப் பார்ப்பேன். தடையில்லாமல் இறங்கினால் ஈரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இந்த ஊரில் இரட்டைக் கெடுதல். குழாயில் வருவது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மைல் தாண்டிக் கால்வாயில் வரும் கொலராடோ ஆற்றுத் தண்ணீர், உப்பு கூடுதல். மேலாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கி இலை நுனி கருகும். நம் கிணற்றடி வாழைக்கு நேர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் நெம்மேலியில் இருப்பதுபோல இங்கே கார்ல்ஸ்பாடிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2015 முதல் ஓடுகிறது. அந்தத் தண்ணீருக்குச் செலவு அதிகம், கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று இப்போது புரியும்.

கொல்லையில் நிற்கும் ஓக் மரத்தின் கதை நேர் எதிர். அது இந்த மண்ணின் மரம், வருடம் முழுவதும் இலை இருக்கும், முந்நூறு வயதுக்காரர்கள்கூட அந்தச் சாதியில் உண்டு. கோடையில் தூரை நனைத்தால் வெதுவெதுப்பான ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து வேர் அழுகிவிடும். அதன் அடியில் முன்பு இருந்தவர்கள் போட்டிருந்த புல்தரையை எடுத்துவிட்டு, உதிரும் சருகை அப்படியே கிடக்கவிட்டோம். குளிர்கால மழை பொய்த்தால் மட்டும், தூரிலிருந்து தள்ளி, மழைக்குப் பதிலாக ஒரு நனைப்பு. ஒரே வீட்டில் வாசல் மரத்துக்கு ஊற்றவேண்டும், கொல்லை மரத்துக்கு ஊற்றக்கூடாது. உங்கள் மாப்பிள்ளைக்கு இது இன்னும் பிடிபடவில்லை, குழாயை அவர் கையில் கொடுப்பதில்லை.

ஓக்கைத் துளைக்கிற பொன்புள்ளி வண்டு ஒன்று 2004இல் இந்த மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அரிசோனாவிலிருந்து விறகோடு வந்திருக்கும் என்கிறார்கள். அதனால் வெளியூர் விறகு வாங்குவதே இல்லை. உங்களுக்குப் பழக்கமான பகைவனும் இங்கே உண்டு. நம் தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் தென் அமெரிக்கப் பங்காளி, மெக்ஸிகோ எல்லை தாண்டி வந்து கேனரித் தீவுப் பேரீச்சைகளைத் தின்கிறது. குருத்தைப் புழு தின்றதும் மரத்தின் தலை உடைந்த குடையாகக் கவிழ்ந்துவிடும். பச்சை மட்டையை வெட்டினால் அந்த வாடைக்கு வண்டு வரும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதையேதான் இங்கேயும் சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது மரம் வெட்டுகிறவர்களிடம். காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு உயிருள்ள பனையில் குத்திக் குத்தி ஏறுகிறார்கள். பனைக்கு அந்தக் காயம் ஆறவே ஆறாது. நம் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரை மட்டும் வைத்துக்கொண்டு நாள்தோறும் எத்தனை மரம் ஏறி இறங்குவார்கள், ஒரு கீறல் விழுமா? இன்னொரு கூட்டம் மரத்தை மொட்டையடித்துவிட்டு, சுத்தமாக்கியதாகச் சொல்லிப் பணம் கேட்கும். மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் கிடையாது. இலையுதிர்காலத்தில் பாலைவனத்திலிருந்து சான்டா ஆனா என்னும் வறண்ட காற்று அடிக்கும்போது அவைதான் முதலில் முறியும். 2003 அக்டோபரிலும் 2007 அக்டோபரிலும் அந்தக் காற்றில்தான் இந்த மாவட்டத்தில் பெருந்தீ பரவியது. ஆகவே காய்ந்த கிளைகளையும் கூரையைத் தொடும் கிளைகளையும் எடுத்தே ஆகவேண்டும். அதற்குச் சான்றிதழ் உள்ள மர நிபுணரைத்தான் கூப்பிடுகிறோம். ஒரு வருடத்தில் கால்பங்குக்கு மேல் பச்சையைக் கழிக்கக்கூடாது என்பது பொது விதி, வயதான மரத்துக்கு அதுவே அதிகம் என்கிறார் அவர். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் கத்தியே எடுக்கமாட்டார். கூலி கேட்டால் மயக்கம் வரும், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அங்கே வாசல் வேம்பு மின்கம்பியைத் தொடுகிறது என்று தம்பி சொன்னான். வெட்ட வருகிறவர்கள் நடுத்தண்டை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிப் பக்கம் போகிற கிளையை மட்டும், அது பிறக்கும் இடத்திலேயே எடுக்கட்டும், கட்டை விடவேண்டாம். அதற்காகக் கொஞ்சம் பணம் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன், காப்பித் தண்ணிக்கும் சேர்த்து. டிசம்பரில் டிக்கெட் கிடைத்தால் வருகிறோம். கருப்பட்டி இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், பிறகு விலை ஏறிவிடும்.

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி