வழிகாட்டி நாய் கேட்பதற்கு முன் நடமாட்டப் பயிற்றுநரைக் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில் விழிப்புலன் இழந்த ஒருவரைப் பற்றிச் செய்தி வந்தால், வெளிநாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி நாயை வரவழைத்துக் கொடுக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அது வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுப் போகக்கூடிய அன்பளிப்பல்ல. நாயைப் பெறுபவர் பயிற்சிப் பள்ளியிலேயே தங்கி, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், விடிந்ததிலிருந்து படுக்கும் வரை அதனோடு பயில வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், நம் பக்கம் முதலில் நடமாட்டப் பயிற்றுநரை, அதாவது விழிப்புலன் இழந்தவருக்குத் தனியே நடக்கப் பழக்குபவரை, ஏன் கேட்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதல் ஓரிரு நாள் பயில்பவரின் கையில் நாயையே தருவதில்லை. நாயின் உடம்பில் மாட்டும் கைப்பிடி வைத்த வார்ப்பட்டையை ஹார்னஸ் என்பார்கள். அதன் முன்பக்கத்தைப் பள்ளியின் பயிற்றுநர் பிடித்துக்கொண்டு நாயின் இடத்தில் நடப்பார். பயில்பவர் கைப்பிடியைப் பற்றிப் பின்தொடர்வார். 'ஜூனோ நடை' என்று இதைச் சொல்வார்கள். அவர் எவ்வளவு வேகமாக நடக்கிறார், எவ்வளவு இழுவையைத் தாங்குகிறார், எந்தக் குரலில் கட்டளை இடுகிறார் என்று பார்த்துத்தான் எந்த நாய் அவருக்கு ஒத்துவரும் என்று உறுதி செய்கிறார்கள். வேகமாக இழுக்கும் நாயை மெதுவாக நடப்பவரிடம் கொடுத்தால், அவர் நாள் முழுக்கக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருப்பார். சில வாரங்களில் நாய் வேலையில் மனம் விட்டுவிடும்.

நாய் கைக்கு வந்த பின் அதற்குச் சாப்பாடு வைப்பது, மலசலத்துக்குக் கொண்டுபோவது, உடம்பைத் துலக்குவது எல்லாம் பயில்பவரின் பொறுப்பு. மலசலத்துக்கு விடும்போது வாரைப் பிடித்தபடி நாயின் முதுகில் கையை வைத்துப் பார்ப்பார்கள். முதுகு வில்லாக வளைந்தால் மலம் கழிக்கிறது. அந்த இடத்தைக் காலால் குறித்துக்கொண்டு, பையைக் கையுறைபோல் மாட்டி அள்ளுவார்கள். சிறிய விஷயம்தான். ஆனால் குறித்த நேரத்துக்குச் சாப்பாடும் குறித்த நேரத்துக்கு வெளியும் என்ற ஒழுங்கு இல்லாவிட்டால், பஸ்ஸுக்குள் நாய் அசிங்கம் செய்துவிடும். அதன் பிறகு அவரை அந்த பஸ்ஸில் ஏற்ற யோசிப்பார்கள்.

வீதிப் பயிற்சியில் வெளியார் பெரும்பாலும் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. போகவேண்டிய இடத்துக்கு வழி நாய்க்குத் தெரியாது. நாயை வைத்திருப்பவருக்குத்தான் தெரிய வேண்டும். நேரே, இடது, வலது என்று அவர் சொல்லச் சொல்ல, நாய் தடைகளை விலக்கிக் கொண்டுபோகும். படி, நடைபாதை விளிம்பு, குழி வந்தால் நிற்கும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை அதற்குத் தடையாக இராது. அதையும் பார்த்து விலகப் பழக்கியிருப்பார்கள். வீதி விளக்கின் நிறத்தைப் பார்த்து நாய் கடப்பதில்லை. வாகனச் சத்தத்தைக் கேட்டு, இப்போது கடக்கலாம் என்று முடிவெடுப்பவர் மனிதர். அவர் பிழையாகக் கட்டளையிட்டு, வாகனம் நெருங்கிவிட்டால், நாய் கீழ்ப்படியாமல் நின்றுவிடும். இந்தக் கீழ்ப்படியாமை பல மாதம் உழைத்துப் பழக்கியது.

நாய் ஒரு படியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால், அங்கேயே நின்று, படியைக் காலால் தட்டிக் காட்டி, சில அடி பின்னே போய் மறுபடி வர வேண்டும். இம்முறை சரியாக நின்றால் அந்தக் கணமே பாராட்ட வேண்டும். இரண்டு மூன்று விநாடி பிந்தினால், எதற்குப் பாராட்டு என்று நாய்க்குப் புரியாது. நம் ஆட்களுக்கு மொழி தடையாவது இங்கேதான். கட்டளைகள் இருபது சொல்லுக்கு மேல் வராது. அவற்றை எவரும் பழகிக்கொள்ளலாம். பயிற்றுநர் ஆங்கிலத்தில் 'இப்போது பாராட்டு' என்பதை ஒருவர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தப்பிவிடுகிறது. ஆகவே போகுமுன்பே பயிற்றுநர் பேசும் ஆங்கிலச் சொற்களும் காதுக்குப் பழகியிருக்க வேண்டும்.

இனி நமது வீதிக்கு வருவோம். பள்ளிகளில் பயிற்சி பெரும்பாலும் விளிம்பு கட்டிய நடைபாதையில் தொடங்குகிறது. நம் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் அந்த விளிம்பே கிடையாது. ஒரு பக்கம் மண்மேடும் கானும் (வடிகாலும்), மறு பக்கம் தேயிலைக்குள் இறங்கும் பள்ளம். நடைபாதையில்லாத வீதிக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது. அதில்கூட ஒரு சிக்கல். வழக்கமாக நாய் மனிதரின் இடப்பக்கம் நடக்கும். வாகனங்கள் வலப்பக்கம் ஓடும் அமெரிக்கா போன்ற நாட்டில், எதிரே வரும் வாகனத்தை நோக்கி நடப்பவர் வீதியின் இடது ஓரத்தில் போவார். நாய் அந்த ஓரத்தை ஒட்டியே போகும். இங்கே வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. அதே பழக்கத்தில் இடது ஓரத்தைப் பிடித்தால் வாகனம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். வலது ஓரத்துக்கு மாறினால் வாகனப் பக்கம் நாயும், கான் பக்கம் மனிதரும் வருவார்கள். எந்த வீதியில் எந்த ஓரம் என்பதைப் பள்ளியின் பயிற்றுநர் ஒருவர் இங்கே வந்து, நாயைப் பெற்றவரோடும் நாயோடும் நடந்துதான் தீர்மானிக்க முடியும். வீட்டுக்கு வந்து தொடர்ந்து பார்க்காத பள்ளியிடம் நாய் வாங்குவது எங்கள் பார்வையில் ஆபத்தானது.

சத்தமும் இப்படித்தான். ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியின் வளைவுகளில் மண்மேடு சத்தத்தை மறைத்துவிடும்; வாகனம் திரும்பிய பிறகுதான் காதில் விழும். தகரக் கூரையில் மழை கொட்டும்போதும், பீலியில் (தண்ணீர் விழும் குழாயில்) தண்ணீர் இரையும்போதும் கேட்டுக் கடப்பது நடக்காத காரியம். அப்போது வளைவை விட்டு நேரான இடத்துக்கு வந்து கடக்க வேண்டும், அல்லது ஒருவரிடம் கேட்க வேண்டும்.

இத்தனையும் நாய்க்கு முன்பே மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. அதனால்தான் தேர்ந்த பள்ளிகள் பல வெள்ளைப் பிரம்போடு தனியே நடக்கத் தெரிந்தவரையே சேர்த்துக்கொள்கின்றன. நிமிர்ந்து நின்றால் நெஞ்செலும்பு வரையாவது எட்டும் பிரம்பு வேண்டும். தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வீச வேண்டும். வலது கால் முன்னே போகும்போது பிரம்பு நுனி இடப்பக்கம், இடது கால் போகும்போது வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த அடி விழும் இடம் முன்கூட்டியே தெரியும். லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப்) படி எத்தனை, கான் எங்கே தொடங்குகிறது, தார் முடிந்து கல் பாதை எங்கே வருகிறது என்று பிரம்பு தொட்டுத்தொட்டு மனதில் வரைபடம் போட்டுத் தருகிறது. நாயோ அவற்றையெல்லாம் விலக்கிக் கொண்டுபோய்விடும், வரைபடம் கிடைக்காது. வரைபடம் இல்லாதவர் நாயோடும் வழி தவறுவார்.

நாய் வந்தபின் அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அன்புதான். இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) உட்கார்ந்து ஆளுக்கொரு பிடி சோறும் கறியும் வைத்தால், நாய் வீதியில் சாப்பாட்டை மோந்துகொண்டு போகும். கறியில் உள்ள வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ஹார்னஸ் போட்டிருக்கும்போது தடவுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சீட்டி அடிப்பது எதுவும் கூடாது. ஈர மலையில் நடந்து வந்தால் விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் அட்டை, உண்ணி இருக்கிறதா என்று மாலையில் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

கட்டாக்காலி நாய்கள்தாம் பெரிய அபாயம். ஒரேயொரு முறை கடிபட்டாலும் வழிகாட்டி நாய் பிற நாய்களைக் கண்டு பயந்து வேலைக்கே உதவாமல் போகலாம். வளர்ப்பவர்கள் தங்கள் நாயைக் கட்டிவைத்து, வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடுவதே பெரிய உதவி. இது பிரம்போடு நடப்பவருக்கும் உதவி.

இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, நடமாட்டத் திறன் பயிற்சியை அவர்களுக்கும், அவர்களோடு பணியாற்றும் சிறப்புப் பணியாளர்களுக்கும் வழங்கச் சொல்கிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில், தமிழில் கற்பிக்கும் நடமாட்டப் பயிற்றுநர் ஒருவராவது மாவட்டத்துக்கு வேண்டும். அவர் மண்டபத்தில் வகுப்பெடுத்தால் போதாது, தோட்டம் தோட்டமாக வந்து வீட்டு வாசலிலிருந்து பழக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கையைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுப்பவர்கள், வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை எத்தனை படி, எத்தனை திறந்த கான், எத்தனை வளைவு, எந்த இடத்தில் நாய்த் தொல்லை என்பதையும் எண்ணி எழுதுங்கள். வரும் பயிற்றுநருக்கு அந்தத் தாளே முதல் பாடத்திட்டமாக இருக்கும்.

இப்படிக்கு,
நடமாட்டப் பயிற்சித் துறையில் உள்ளவர்கள்,
ஹட்டன்.